பதினெட்டாவது பெயர்

நினைவுக்கல்லில் பதினேழு பெயர் என்று விளையாட்டுக் கழகம் முடிவு செய்தது. ஆச்சிப்பிள்ளை மாமி பதினெட்டு என்றார்.

கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே, வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். சண்டைக் காலத்தில் ஊர் பறிகொடுத்தவர்களுக்குச் சந்தியில் ஒரு கல் நாட்டுவது என்று போன வருடம் கழகத்தார் தீர்மானித்தார்கள். ஆமி சுட்டவர்கள், இயக்கத்துக்குப் போய் மாண்டவர்கள், ஷெல் விழுந்து செத்த குழந்தை எல்லோரும் ஒரே கல்லில். விடுபட்டது மாமியின் அண்ணன் சுபாகரன் மட்டும். எண்பத்தொன்பதாம் ஆண்டு அதே சந்தியில் மின்கம்பத்தில் கட்டி வைத்துச் சுடப்பட்டவர். ஆமியைத் தோணியில் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள். அட்டை அன்றே மண்ணுக்குள் போய்விட்டது. சொல் மட்டும் முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டு வாசலை விட்டுப் போகவில்லை.

சுட்டது எந்த இயக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்நாளில் பல இயக்கங்கள் இருந்தன. மாமியும் வேண்டாம் என்றார்.

"பேரெழுதினா அவனுகளுக்கும் ஒரு கல்லு வெச்ச மாதிரி."

மாமியின் பெயரில்தான் ஆச்சி. அண்ணனைப் புதைத்தபோது அவருக்கு வயது இருபது, இப்போது ஐம்பத்தைந்து. தகப்பன் கனகசூரியம் ஊரில் பெயர்பெற்ற வலைக்காரர். மகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வலை பின்னும் ஊசியையும், முன்கோபத்தையும். காலை வேலைகள் முடிந்ததும் மருதமரத்தின் கீழ் வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல்களைப் பின்னிப் பொத்துவார். நூலைக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பார். முன்பல் இரண்டு இல்லை.

அவர் எங்களுக்கு அடுத்த வளவு. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது கிறிஸ்தவ நாகரிகம். பிள்ளையார் கோயில் வாசலில் வளர்ந்தவனுக்கு அது எதற்கு என்று ஊரே கேட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எந்தப் பாடம் கிடைத்திருந்தாலும் எடுத்திருப்பேன். இறுதி ஆண்டு ஆய்வுக்குச் சிலுவைச் சாவை அக்கால யூதரும் முதற் கிறிஸ்தவர்களும் எப்படிப் பார்த்தார்கள் என்ற தலைப்பை எடுத்தேன். அம்மா அதைச் சுருக்கி, "என்ட மகன் சிலுவைக்குப் பட்டம் எடுக்கான்" என்று கடைக்கடையாகச் சொல்லி வந்தார். கொரோனாக் காலத்தில் ஊரோடு அடைபட்டுக் கிடந்தபோது, மருதமரத்தின் கீழ் இருந்துதான் அதை எழுதினேன். வீட்டுக்குள் போன் சிக்னல் இல்லை.

ஒருநாள் மாமி வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அது என்ன மனே, நெடுக எழுதிறாய். சிலுவையில அறைஞ்சா ஆள் எப்பிடிச் சாகிற?"

சொன்னேன். இரத்தம் போய்ச் சாவதில்லை, உடம்பு தன் பாரத்திலேயே தொங்கி மூச்சு முட்டித்தான் பெரும்பாலும் சாவு. சிலருக்கு ஒரு பகல், சிலருக்கு இரண்டு மூன்று நாள். நிர்வாணமாகத்தான் தொங்கவிடுவார்கள், எல்லோரும் போய்வருகிற பாதையோரத்தில்தான் நடுவார்கள், குற்றத்தை ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள்.

"எழுதியும் வெப்பாங்களா?"

"ஓம் மாமி."

மாமி வலையைக் கீழே வைத்தார்.

"செத்த பிறகு ஆர் இறக்கிற?"

அதுதான் என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம். ரோமர்களைப் பொறுத்தவரை இறக்குவதே இல்லை. காகத்துக்கும் நாய்க்கும் விட்டுவிடுவார்கள். தண்டனையில் பாதி அதுதான். ஆனால் யூதரின் பழைய சட்டம் வேறு சொல்கிறது. கொல்லப்பட்டவனை மரத்தில் தொங்கவிட்டால் பிணம் இரவு தங்கக் கூடாது, அன்றே புதைக்க வேண்டும். தொங்குகிறவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன், அவனால் நிலம் தீட்டுப்படும். ஒரே விதியில் சாபமும் இருக்கிறது, அடக்கமும் இருக்கிறது. பிற்காலத்தில் ரோமர்கள் யூதர்களை ஆயிரக்கணக்கில் அறைந்தபோது அந்தச் சனம் தவித்த தவிப்பு இந்த விதியில்தான். சாபம் என்று சொல்வதா, நம் பிள்ளை என்று இறக்குவதா? ரோமர்கள் மட்டும் செய்ததும் இல்லை. கிறிஸ்துவுக்கு எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன் யூத அரசன் ஒருவனே தன்னை எதிர்த்த சொந்தச் சனத்தில் எண்ணூறு பேரைச் சிலுவையில் ஏற்றினான். தொங்கியவர்கள் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்க அவர்களுடைய மனைவி பிள்ளைகளின் கழுத்தை அறுப்பித்தான். தான் விருந்து தின்றபடி பார்த்திருந்தான் என்று பிற்கால யூத வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

"சொந்தச் சனத்தையோ" என்றார் மாமி. பிறகு, "இறக்கினதுகள் பொழுது படுறதுக்கு முன்னமோ?" என்று கேட்டார்.

"முன்னமே இறக்க வேணும் எண்டதுதான் சட்டம்."

"நானும் முன்னமேதான் இறக்கின" என்றார் மாமி.

இருபத்துமூன்று வருடம் அடுத்த வளவில் வாழ்ந்தும் அந்த நாளைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மாசி மாதம், நெல் வெட்டு முடிந்த காலம். சுபாகரனைக் காலையில் வட்டையில், வயல்வெளியில் வைத்துப் பிடித்தார்கள். நெல் மூட்டைகளுக்குக் காவலாகப் படுத்திருந்தவரை உடுத்திருந்த சாரத்தோடு இழுத்து வந்தார்கள். ஊருக்கு மின்சாரம் தருவதாக யாரோ நட்டுவிட்டுப் போன தார் பூசிய மரக்கம்பம் ஒன்று சந்தியில் நின்றது. மின்சாரம் வர அதன்பிறகும் பல வருடம் சென்றது. அந்தக் கம்பத்தில் கட்டினார்கள். கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டியதில் ஒரு தோள் கழன்றது. பள்ளிக்கூட மணியை அடித்து ஊரைக் கூட்டினார்கள். வராதவர்களின் வீடுகளுக்குப் போய் வேலியை உதைத்துக் கூட்டி வந்தார்கள். முதல் வெடி தொடையில். அது குறி தப்பியதல்ல. அலறட்டும் என்று வைத்த வெடி. அலறல் ஓய்ந்ததும் இரண்டாவது நெஞ்சில்.

நாளை பின்னேரம் வரை யாரும் தொடக் கூடாது, தொட்டவருக்கும் இதே கம்பம் என்றார்கள். துவக்கோடு இரண்டு பேர் மதகில் இருந்து காவல் காத்தார்கள். மதியம் காகம் வந்தது. மாமியின் தாய் வீட்டுக்குள் விழுந்து கிடந்தார். தகப்பன் கனகசூரியம் வாசலில் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சும்மா தீட்டிக்கொண்டே இருந்தார். கையில் வழிந்த இரத்தம் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணத்தைத் துணையில்லாமல் இருட்டில் விடுவதில்லை. பொழுது பட்டால் தலைமாட்டில் விளக்கும் ஓர் ஆளும் இருக்க வேண்டும். வெயில் சாயச் சாய மாமிக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது. வலை வெட்டும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்திக்குப் போனார்.

"கம்பத்தடிக்குப் போனதும் ஒருவன் வந்து துவக்குப் பிடியால வாயில இடிச்சான். பல்லு ரெண்டும் நாக்கில கிடந்திச்சு. துப்பிப்போட்டு வெட்டினன். மறுகாவும் இடிச்சான், தோள்ல. வெட்டினன். மற்றவன், 'விடு மச்சான், இழுத்துக்கிட்டுப் போகட்டும், ஆர் தூக்க வருவான் எண்டு பாப்பம்' எண்டான்."

யாரும் வரவில்லை. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். மாமி அண்ணனின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார். கழன்ற தோள் பிடியில் நிற்காமல் இழுபட்டது. விட்டுவிட்டுக் காலைப் பிடித்து இழுத்தார். இருபது முப்பது அடி இழுத்திருப்பார். அப்போது மாட்டு வண்டிக் கரத்தை ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நல்லரத்தினம். மாமிக்கு மாமன் மகன், சுபாகரனின் தோணிக் கூட்டாளி. இரண்டு மாதத்தில் மாமியைக் கட்ட நிச்சயமானவர். ஒரு சொல்லும் பேசாமல் பிணத்தைத் தூக்கிக் கரத்தையில் போட்டார். வீட்டு வாசலில் சற்று நிறுத்திவிட்டு வாவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். மணலில் குழியும் அவரே வெட்டினார். பறைமேளம் இல்லை, வாய்க்கரிசி போட நாலு பேர் இல்லை. பொழுது படுவதற்குள் மூடிவிட்டார்கள்.

மாமி சொல்லி முடித்தபின் நான் எதையோ சொல்ல வேண்டும் என்று நினைத்து, படித்ததைச் சொன்னேன். படித்தவனுக்கு அதுதானே வரும்.

"மாமி, ஜெருசலேமுக்குப் பக்கத்தில ஒரு கல்லறையைத் திறந்தப்ப எலும்புப் பெட்டி ஒண்டு கிடைச்சிது. சிலுவையில அறைஞ்ச ஒரு பொடியன்ட எலும்பு. குதிக்கால் எலும்புல ஆணி அப்பிடியே இரிக்கி. மரத்தில இறங்கின ஆணி நுனி வளைஞ்சுபோச்சு, புடுங்க ஏலாம வீட்டாக்கள் ஆணியோடயே புதைச்சிரிக்காங்க."

ஊசி மாமியின் கையிலிருந்து விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"புடுங்க ஏலாமலோ, இல்லாட்டிப் புடுங்க மனசில்லாமலோ?"

"விளங்கல்ல மாமி."

"நானும் கயித்தோடதான் புதைச்ச மனே. அவுக்க ஏலாம இல்ல."

அதற்குப் பிறகு சொன்னதை, "இது உனக்கும் எனக்கும், இந்த மரத்துக்கும்" என்ற உறுதிமொழியோடு சொன்னார். இன்று எழுதுவது அவருடைய சம்மதத்தோடுதான்.

கரத்தையில் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது மணிக்கட்டுகளைப் பார்த்திருக்கிறார். கம்பத்தோடு இருந்த கயிற்றைத்தான் வெட்டியிருந்தார், கையில் இருந்த முடிச்சு கையிலேயே இருந்தது. வலைக்காரன் மகளுக்கு முடிச்சு என்பது கையெழுத்து மாதிரி. ஒரு வலையில் நாலு பேர் வேலை செய்திருந்தால் எந்தக் கண் யார் போட்டது என்று தள்ளி நின்றே சொல்வார். வலக்கைக்காரர் போட்டால் கயிறு ஒரு பக்கம் கிறுகும், திரும்பும். இது மற்றப் பக்கம் கிறுகியிருந்தது. ஊரில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவர் ஒருவர்தான். அவருடைய இடக்கை அப்போது மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்தது, மாமியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி.

"அப்பா கண்டிரிந்தா அண்டைக்கே ரெண்டு குழி. தீட்டின கோடரி வாசல்ல கிடந்திச்சு. அம்மா கையைக் கழுவ வந்தா. தோல் உரிஞ்சிரும், வேணாம் எண்டு துணியால சுத்திப்போட்டன். அப்பா, மகன்ட கையைக் காட்டு எண்டு அழுதார். காட்டல்ல."

"தெரிஞ்சுமா மாமாவைக் கட்டின நீங்க?"

மாமி நூலை எடுத்துக் கடைவாயில் கடித்தார்.

"முதல் வருசம் பாய்க்கடியில மீன் வெட்டுற கத்தியை வெச்சுக்கிட்டுத்தான் படுத்த. ஒருக்கா எடுத்துக் கழுத்தடிக்குக் கொண்டும் போன. மனிசன் முழிச்சுப் பாத்துக்கிட்டே படுத்திரிந்தார், அசையல்ல. மறுகா நினைச்சன், சுபாவைக் கடைசியாத் தொட்டது அந்தக் கைதானே. அதையும் வெட்டிப்போட்டா என்னட்ட என்ன இரிக்கி?"

துவக்கை முதுகில் வைத்துக் கட்டச் சொல்லியிருப்பார்கள் என்பது மாமிக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நல்லரத்தினம் மாமா சொன்னதில்லை, மாமி கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றார்கள், கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கயிறு அவர்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சுக்கு வந்ததில்லை.

அதன்பின் என் ஆய்வை மாமி கிட்டத்தட்ட முழுவதும் கேட்டார். ஆதிக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் சிலுவையில் தொங்கும் உருவத்தை வரையவே இல்லை, கல்லறைச் சுவர்களில் மீனையும் நங்கூரத்தையும்தான் கீறினார்கள் என்றபோது, "கண்டவன் கீறமாட்டான்" என்றார். ரோமில் யாரோ ஒருவன் சிலுவையில் கழுதைத் தலை மனிதனைச் சுவரில் கிறுக்கி, அதைக் கும்பிடுகிறவனைப் பெயர் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறான் என்றபோது, "எங்கட வேலியிலயும் கரியால எழுதினானுகள்" என்றார். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு ஆளைப் பற்றித்தான். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவனைச் சிப்பாய்கள் பிடித்து, கிறிஸ்துவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள் அல்லவா, அவனைப் பற்றி.

"அவனை மறுகா அந்தச் சனம் என்ன செஞ்சது?"

"ஒதுக்கல்ல போல மாமி. அவன்ட ரெண்டு மகன்மார்ட பேரையும் எழுதி வெச்சிரிக்காங்க. சபையில எல்லாருக்கும் தெரிஞ்ச ஆக்களா இரிந்திரிக்கணும் எண்டு ஆய்வாளர் சொல்றாங்க."

"அப்ப சேத்துக்கிட்டாங்க" என்றார் மாமி.

இதெல்லாம் நடந்து நாலு வருடத்துக்குப் பிறகு கல் வந்தது. கழகத் தலைவர் சதீசன் உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவர், நல்ல மனிதர். அவருடைய அண்ணன் இயக்கத்தில் மாண்டவர், கல்லில் ஏழாவது பெயர். மாமி அவர் வீட்டுக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை சதீசன், "நிரபராதி எண்டு சொல்ல ஒரு சாட்சி இரிந்தாக் கொண்டு வாங்க மாமி, கூட்டத்தில வெச்சுப் பாப்பம்" என்றார்.

சாட்சி ஒருவர்தான் இருக்க முடியும். கட்டியவருடைய காதுக்குத்தான் கடைசிப் பேச்சு எட்டியிருக்கும்.

கூட்டத்தன்று காலை, தோணிக்குப் போகப் புறப்பட்ட கணவரை மாமி வேலிப் படலையில் மறித்திருக்கிறார்.

"முடிச்சு உங்கட எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பின்னேரம் கழகத்துக்கு வாங்க. அவன் கடைசியா என்ன சொன்னான் எண்டு வந்து சொல்லுங்க."

நல்லரத்தினம் மாமாவின் கையிலிருந்த சோற்றுப் பொதி கீழே விழுந்ததாம். எடுக்காமல் ஆற்றுக்குப் போய்விட்டார். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம்.

கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. கழகக் கட்டடத்தின் முன்னால் கல்லுக்கு அத்திவாரக் குழி வெட்டியபடி கிடந்தது. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். மாமியின் கடைசித் தம்பி நிஷாந்த் முன்வரிசையில் இருந்தான். சுபாகரன் செத்தபோது அவனுக்கு மூன்று வயது. அண்ணனின் முகம் தெரியாமல், அண்ணனுக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வளர்ந்தவன்.

"மாமி, உங்கட கவலை விளங்காம இல்ல" என்று சதீசன் தொடங்கினார். "ஆனா என்ட அண்ணன்ட பேருக்குப் பக்கத்தில அந்தப் பேரைப் பாத்தா எங்கட அம்மா கல்லடிக்கே வரமாட்டா."

"உன்ட அண்ணன் செத்த செய்தி வந்தப்ப உன்ட அம்மாட தலையை மடியில வெச்சிரிந்தது ஆர் எண்டு கேள் மனே. அவ சொல்லுவா."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தபடி சொன்னார், "ஆமிக்குத் தோணி ஊண்டினவனுக்கு நாங்க என்னத்துக்குக் கல்லு வெக்கிற? ஆமிக்காரனட்டக் கேளுங்க, குதிரையில ஏத்திச் சிலையே வெப்பான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நிஷாந்த் எழும்பினான். அதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"தோணி ஊண்டினது நான்."

நல்லரத்தினம் மாமா. ஆற்றிலிருந்து நேரே வந்திருந்தார். சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. யாரையும் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தோணி எனக்கும் சுபாக்கும் பங்கு. ஒருநாள் அவன்ட முறை, ஒருநாள் என்ட முறை. அண்டு என்ட முறை. ஆமிக்காரன் எட்டுப் பேர் துவக்கை நீட்டிக்கிட்டு ஏறினான், அக்கரைக்கு விடு எண்டான். விட்டன். கண்ட ஆரோ தோணியைச் சொல்லியிரிக்காங்க. தோணியில எழுதியிரிந்த பேர் கனகசூரியம். பிடிக்க வந்ததுகள் அசலூர்ப் பொடியன்கள், முறை கிறை எல்லாம் அவனுகளுக்கு என்ன தெரியும்? கனகசூரியத்தார்ட மகனைப் பிடிச்சாங்க."

நான் மாமியைப் பார்த்தேன். முடிச்சு அவருக்குத் தெரிந்திருந்தது. இது தெரிந்திருக்கவில்லை.

"நான்தான் எண்டு சொல்லத்தான் சந்திக்கு ஓடின. தோள்ல தோணிக் கயிறு கிடந்திச்சு. ஒருவன், 'நல்லதாப் போச்சு, கயிறு வந்திட்டு' எண்டான். கட்டு எண்டான். பிடரியில துவக்குக் குழல் பட்டதும் வாய் அடைச்சுப்போச்சு. கட்டின. ரெண்டு கையையும் நான்தான் கட்டின."

"அவன் என்ன சொன்னான்?" மாமியின் குரல் யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

மாமா அப்போதும் நிமிரவில்லை.

"'இறுக்காத மச்சான், நோகுது' எண்டான். நீ இல்லாட்டி ஆர் ஊண்டின எண்டு அவனட்டக் கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. அவனுக்குத் தெரியும். என்ட முகத்தைப் பாத்தான். சொல்லல்ல."

நிஷாந்த் குழியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். இரும்பைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் திருப்பிப் பிடித்துப் பிடியால் அடித்தான். முதல் அடி தோளில். மாமா கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடி முழங்காலில் விழ, அவர் குழியோரத்தில் சரிந்தார். விழுந்தவரின் இடக்கையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் பின்வரிசைவரை கேட்டது. மறுபடியும் அதே கையில். இரும்பு திரும்பி அவனுடைய நெற்றியையே கிழித்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. அடுத்தது தலையில். மாமாவின் காதோரம் பிளந்து, புதிதாக வெட்டிய மண்ணில் இரத்தம் கொட்டியது.

ஐம்பது பேர் நின்றோம். ஒருவரும் அசையவில்லை. நானும்தான். அத்தனை அத்தியாயம் எழுதியவன் நான், கால் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

மாமியும் தடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். அவருடைய கண்ணில் கருணை இருந்தது என்று எழுதினால் அது பொய். அவர் ஒவ்வொரு அடியையும் விழவிட்டார். பிறகு தலையைத் திருப்பி மேற்கே பார்த்தார். வெயில் தென்னைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"போதும்" என்றார். "பொழுது படப் போகுது. தூக்கு."

நிஷாந்த் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றான். "அக்கா, இவன்..."

"கேட்டுக்கிட்டுத்தான் நிண்டன். நீதான் அடிச்ச, நீதான் தூக்கணும். இந்தச் சந்தியில மறுகாவும் ஒரு ஆளை இருட்டில போட விடமாட்டன்."

அவன் தூக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். மாமி கிட்டப் போய் மாமாவின் காலைப் பிடித்தார். இழுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நிஷாந்தின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அழுதுகொண்டே குனிந்து மச்சானின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். அதன்பிறகுதான் எங்களுக்குக் கால் வந்தது. சதீசன் தலையைத் தாங்கினார், நான் முறிந்த கையைத் தாங்கினேன். ஆட்டோவில் ஏற்றினோம். நிஷாந்த் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பொலிசில் கேட்டபோது மாமா, குழிக்குள் விழுந்ததாகச் சொன்னார்.

மாமி எட்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டில் உலை வைக்கவில்லை, எங்கள் வீட்டிலிருந்து சோறு போனது. சுபாகரனுக்கு அந்த எட்டு நாளில்தான் முறையாகத் துக்கம் காத்தார் என்று அம்மா சொன்னார். ஒன்பதாம் நாள் தலைமுழுகிவிட்டு, கஞ்சிப் போத்தலோடு பஸ் ஏறினார். இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பெயர் சேர்ப்பதற்கு இனி ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. கடைசித் தகராறு வேறொன்றில் வந்தது. மற்றவர்களுக்குப் பெயரும் ஆண்டும் மட்டும். சுபாகரனுக்கு எப்படிச் செத்தார் என்றும் வெட்ட வேண்டும் என்று மாமி நின்றார்.

"அது மரியாதையில்ல மாமி" என்றார் சதீசன். "கம்பத்தில கட்டினதை ஏன் கல்லில வெட்டி வெப்பான்? எல்லாரோடயும் ஒண்டா பேர் வந்தாப் போதுமே."

"அந்த வேதக்காரர் மறைச்சாங்களா? கேளு இவனட்ட."

நான் சொன்னேன். அக்காலத்தில் சிலுவையில் செத்தவன் என்று சொல்வதைப்போல் கேவலம் வேறில்லை. யூதருக்கு அது இடறல், மற்றவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனாலும் அந்தச் சனம் தங்கள் விசுவாசத்தைச் சுருக்கிச் சொல்லும் வாசகத்தில், எந்த ஆளுநரின் கீழ், எப்படிக் கொல்லப்பட்டார் என்பதைச் சேர்த்துத்தான் சொன்னது. இன்றைக்கும் சொல்கிறது. நோயில் செத்தார் என்றோ சும்மா இறந்தார் என்றோ மாற்றவில்லை.

சதீசன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு, "எப்பிடி எழுதிற, சொல்லுங்க" என்றார்.

கல் நாட்டிய அன்று நல்லரத்தினம் மாமாவும் வந்தார். இடக்கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. விரல்கள் இனி மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். கூட்டத்தோடு நிற்காமல், பழைய கம்பம் நின்ற இடத்துக்கு எதிரே மதகில் இருந்தார். எல்லோரும் கலைந்த பிறகுதான் கல்லடிக்கு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மாமி எழுத்தின்மேல் விரலை வைத்து வாசித்துக் காட்டினார்.

"கனகசூரியம் சுபாகரன். மின்கம்பத்தில கட்டிச் சுடப்பட்டவர்."

மாமா அந்த வரியின் முடிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டினவன் பேர்?"

"அது கல்லுக்கு வேணாம்" என்றார் மாமி. "எனக்குத் தெரிஞ்சாப் போதும். நடவுங்க, பொழுது படப் போகுது."